வீராணத்தில் ஒரு படகு

என் இளமைக்கால நண்பன் ஒருவனுக்கு எங்கள் பக்கத்தில் ‘வீராணத்தார்’ என்று பெயர். அவன் கடலோடி. உப்பனாற்றுக்குக் கிழக்கே உள்ள குப்பம் ஒன்றில் பிறந்து, அங்கேயே படகு வைத்துப் பிழைப்பவன். வீராணம் ஏரியை அவன் பேருந்துச் சன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. ஆயினும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில், தேநீர்க் கடையில், கோயில் கூட்டத்தில் எங்கும் அவன் வீராணத்தார்தான். அந்தப் பெயர் வந்த கதையை ஊரே சிரித்துக்கொண்டு சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அக்கதையில் என் பங்கு என்ன என்பது ஆறாண்டுகள் கழித்து, என் வீட்டு மொட்டைமாடியில், தீப்பெட்டியளவு கருவி ஒன்று உமிழ்ந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியது குடிகாடு. அங்கிருந்துதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் போய் முதுகலைத் தமிழ் படித்தேன். இன்றும் அங்கிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறேன். அந்த நண்பனும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளி. அதன்பின் அவன் கடலுக்குப் போனான். நான் இலக்கணத்துக்கு வந்தேன்.

2019-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அவன்தான். காற்றும் இரைச்சலுமாக இருந்தது. “வாத்தியாரே, எஞ்சின் நின்னுபோச்சி. மூணு பேரு இருக்கோம். ஜிபிஎஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்க. பதினொண்ணு, முப்பத்தெட்டு. எழுபத்தொம்போது, அம்பத்தெட்டு.” ஒருமுறை திருப்பிச் சொன்னான். தொடர்பு அறுந்தது. மீண்டும் கிடைக்கவில்லை.

கையிலிருந்த புத்தகத்தின் உள்ளட்டையில் எண்களைப் பென்சிலால் எழுதினேன். கைப்பேசியின் வரைபடத்தைத் திறந்து, படித்தவன் செய்யக்கூடியதைச் செய்தேன்: 11.38 என்றும் 79.58 என்றும் தட்டினேன். சிவப்புக் குறி சிதம்பரத்துக்கு மேற்கே, சேத்தியாத்தோப்பு செல்லும் பக்கத்தில், வீராணம் ஏரிக்கு அருகே வயல்வெளியில் போய் நின்றது. இரண்டாம் முறையும் தட்டினேன். அதே வயல்.

அதற்குள் அவன் மனைவி ஓடிவந்துவிட்டாள். பின்னால் குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர். “அண்ணே, எங்கண்ணே இருக்காரு?” என்று கேட்டாள். அப்போது நான் சொன்ன விடை எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: “நம்பரைத் தப்பாப் படிச்சிட்டாம்மா. இது வீராணத்தைக் காட்டுது.” அந்தப் பதற்றத்திலும் யாரோ சிரித்தார்கள். எண்கள் என்ன என்று எவரும் கேட்கவில்லை. தவறு என்று வாத்தியார் சொல்லிவிட்ட பிறகு கேட்பானேன்? நானாகவும் சொல்லவில்லை. இரண்டு படகுகள் குத்துமதிப்பாகக் கிளம்பி இரவெல்லாம் தேடின. மறுநாள் பிற்பகலில்தான், பரங்கிப்பேட்டைக்கு வடகிழக்கே மிதந்துகொண்டிருந்தவர்களை வேறோர் ஊர்ப் படகு கண்டு கட்டி இழுத்து வந்தது. குடிநீர் தீர்ந்துபோய் மூவருக்கும் உதடு வெடித்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. அதனால் அது சிரிப்புக்குரிய கதையாயிற்று. அவனுக்குப் பெயரும் கிடைத்தது.

*

அவன் மகன் அப்போது பள்ளி மாணவன். பின்னர்ப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் சேர்ந்தான். இறுதியாண்டில் திட்டப்பணி ஒன்று செய்ய வேண்டும். படகுக்கான இடங்காட்டி செய்வதென்று தீர்மானித்திருந்தான். செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கேட்க மறைப்பில்லாத வானம் வேண்டும். எங்கள் மாடி அவன் வீட்டுக் கூரையைவிட வசதி. எனவே 2025-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பத்துப் பதினைந்து மாலைகள் அவன் பலகையையும் கம்பிகளையும் தூக்கிக்கொண்டு வந்தான். நான் விடைத்தாள் திருத்தியபடி பக்கத்தில் அமர்ந்திருப்பேன். அவன் சொல்லச் சொல்லக் கேட்டதில் எனக்குப் பிடிபட்டதை நண்பர்களுக்குச் சொல்கிறேன். பிழையிருந்தால் பிழை என்னுடையது.

அவன் வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம் என்னும் ஜிபிஎஸ் ஏற்பி. மற்றொன்று, எஃப்பிஜிஏ எனப்படும் சில்லு பொருத்திய பலகை. நாம் அறிந்த கணிப்பொறிச் சில்லு, வரி வரியாகக் கட்டளைகளைப் படித்து ஒவ்வொன்றாகச் செய்வது. இதுவோ வேறு இனம். இதனுள் ஆயிரக்கணக்கான தருக்கக் கட்டங்கள் இணைப்பின்றிக் கிடக்கின்றன. எதை எதனோடு சேர்ப்பது என்று நாம் எழுதியனுப்பும் வரைவின்படி அவை இணைந்து, நாம் விரும்பிய மின்சுற்றாகவே ஆகிவிடுகின்றன. வேண்டாமென்றால் அழித்து வேறொன்றாக ஆக்கலாம்.

“ஏற்பி என்னடா அனுப்புது?” என்று முதல்நாள் கேட்டேன்.

“சென்டென்ஸ் மாமா.”

“எது?”

“வாக்கியம். ஸ்டாண்டர்டுலயே அப்படித்தான் பேரு.”

அன்றுதான் விடைத்தாளைக் கீழே வைத்தேன். கடற்பயண மின்னணுக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென்று அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-இல் வகுத்த நெறி அது. என்எம்இஏ 0183 என்பார்கள். ஏற்பி அனுப்பும் வாக்கியம் டாலர் குறியோடு தொடங்கும். அடுத்த இரண்டெழுத்து, பேசுபவர் யார் என்பதைச் சொல்லும்: அமெரிக்க ஜிபிஎஸ் என்றால் ‘ஜிபி’, இஸ்ரோவின் நாவிக் என்றால் ‘ஜிஐ’. அதற்கடுத்த மூன்றெழுத்து, எவ்வகை வாக்கியம் என்பதைச் சொல்லும். ‘ஆர்எம்சி’ என்றால் நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், திசை, தேதி ஆகியவை காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரிசை மாறாமல் வரும். முடிவில் உடுக்குறியும் சரிபார்ப்பு எண்ணும். முழுவாக்கியமும் 82 எழுத்துக்கு மேற்படக் கூடாது.

தகவல் இல்லாத இடத்தில் இரு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கும், நடுவில் வெறுமை. தோன்றா எழுவாய்! இடம் காலியாக இருந்தாலும் இடம் உண்டு என்பதை வரிசை சொல்லிவிடும். ஏற்பி இன்னும் தன் இடத்தை அறியவில்லையெனில் ‘வி’ என்ற எழுத்து வரும், அறிந்துவிட்டால் ‘ஏ’. தான் சொல்வதை நம்பலாமா என்பதையும் தானே சொல்லிவிடும் வாக்கியம். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு இப்படி ஓர் எழுத்தை விதித்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இவ்வாக்கியத்தைச் சில்லு படிப்பது எப்படி? கம்பியில் வருவது எழுத்தன்று. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம். பேச்சில்லாதபோது கம்பி உயர்நிலையில் இருக்கும். தாழ்ந்தால் ஓர் எழுத்து தொடங்குகிறது என்று பொருள். ஏற்பியின் வேகம் நொடிக்கு 9600 துடிப்பு. சில்லின் கடிகாரம் நொடிக்குப் பத்துக் கோடி முறை அடிக்கிறது. ஆக ஒரு துடிப்புக்கு 10,417 அடிகள். கம்பி தாழ்ந்த கணத்திலிருந்து அதில் பாதியை எண்ணிக் காத்திருந்து, துடிப்பின் நடுவயிற்றில் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு 10,417 அடிக்கும் ஒருமுறை. ஓரத்தில் பார்த்தால் முந்தைய துடிப்போ பிந்தைய துடிப்போ கலந்துவிடும். இப்படி எட்டுத் துடிப்பு சேர்ந்தால் ஓர் எழுத்து.

எழுத்து கிடைத்ததும் அடுத்த சுற்று அதை வாங்கிக்கொள்ளும். டாலர் குறி வரும்வரை சும்மா இருக்கும். வந்ததும் பெயரைப் பார்க்கும். ஆர்எம்சி இல்லையென்றால் மீண்டும் உறங்கிவிடும். ஆம் என்றால் காற்புள்ளிகளை எண்ணத் தொடங்கி, மூன்றாம் காற்புள்ளிக்குப் பின் வருவதை அகலாங்கு என்றும் ஐந்தாவதற்குப் பின் வருவதை நெட்டாங்கு என்றும் எடுத்து வைக்கும். மூன்றாவது சுற்று அவ்வெண்களைப் பொருளாக்கித் திரையில் காட்டும். பையன் இம்மூன்று சுற்றுக்கும் ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் வைத்திருந்தான். எழுத்து, சொல், பொருள் என்று வைக்கச் சொன்னேன். சிரித்தான். மறுநாள் பார்த்தால் அப்படியே வைத்திருந்தான்.

*

சரிபார்ப்பு எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாலர் குறிக்கும் உடுக்குறிக்கும் இடையிலுள்ள எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு துடிப்பிடத்திலும் ஒன்றுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துக் கிடைக்கும் எண் அது. அனுப்புபவர் கணக்கிட்டு வாலில் கட்டி அனுப்புகிறார். பெறுபவர் தாமும் கணக்கிட்டு ஒப்பிடுகிறார். வழியில் ஒரு துடிப்பு மாறியிருந்தாலும் எண்கள் ஒவ்வா. வாக்கியத்தைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஏட்டுச்சுவடியோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. புள்ளியும் இராது, நிறுத்தக்குறியும் இராது. ஏடெழுதுவோர் கைப்பிழை வேறு. இந்த நிலையில் பதிப்பாசிரியர்களுக்குக் கைகொடுத்தது யாப்பு. அடியின் இரண்டாம் எழுத்து எதுகைக்கு ஒவ்வவில்லையென்றால், தளை தட்டுகிறதென்றால், அங்கே ஏதோ கெட்டிருக்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கியபோது செவி காவல் காத்தது. அந்தாதித் தொடை இன்னும் ஒருபடி மேல். பாட்டு வரிசை மாறினாலே காட்டிக்கொடுத்துவிடும். செய்யுளின் அழகென்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில் பாதி, பிழைகாப்பு.

ஆனால் எந்தக் காவலுக்கும் எல்லையுண்டு. என்எம்இஏ சரிபார்ப்பில், இரண்டு எழுத்துகள் தமக்குள் இடம் மாறிக்கொண்டால் எண் மாறாது, பிழை தப்பிவிடும். எதுகைச் சோதனையும் மூன்றாம் எழுத்தின் பிழையை அறியாது. இவையெல்லாம் ஒருபுறம். பெரிய எல்லை ஒன்று உண்டு. அதை அடுத்த வாரம் கண்டோம்.

*

எல்லாச் சுற்றும் ஒருவாறு ஓடத் தொடங்கிய மாலை அது. திரையில் 11.41 என்றும் 79.45 என்றும் தெரிந்தது. பையன் தன் கைப்பேசியில் அவ்வெண்களைத் தட்டினான். முகம் வாடிவிட்டது. “மாமா, நாம ஸ்ரீமுஷ்ணத்துக்கிட்ட இருக்கோம்.”

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் மாசிமகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். கடலூர்க்காரன் படகோடு ஸ்ரீமுஷ்ணம் போவதாக வழக்கமில்லை. நாங்கள் இருந்த இடத்திலிருந்து அது நேர்கோட்டில் 45 கிலோமீட்டருக்குமேல். “ஏற்பி மட்டம்” என்றான் பையன். “விலை குறைவுன்னு வாங்கினேன்.”

“சரிபார்ப்பு எண் ஒத்து வருதா?”

“ஒவ்வொரு தடவையும் வருது.”

“அப்ப பாடம் சரிடா. உரைதான் தப்பு.”

அதைச் சொன்னது பதிப்புத்துறைப் பழக்கத்தால். எனக்கு வேறொன்றும் தெரியாது. மூலபாடம் பழுதில்லை என்று ஏடுகள் ஒருமுகமாகச் சொல்லும்போது, பொருள் விளங்கவில்லையென்றால் நம் பொருள்கோளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவன் முந்தின வாரம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் வந்தபோது பதிவுசெய்த வாக்கியங்களைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்தான். அகலாங்கு வரிசையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். சென்னையில் 1304 என்று தொடங்கி எண் இறங்கிக்கொண்டே வந்தது. 1301, 1300, அதற்கடுத்து 1259. மறுபடி இறங்கி, காலாப்பட்டு தாண்டிப் புதுச்சேரியை நெருங்குமிடத்தில் 1200. அடுத்த வரி 1159. பேருந்து தாவவில்லை. எண்தான் தாவியிருக்கிறது. மேலிருந்து கீழ்வரை மீண்டும் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கத்தில் அறுபது முதல் தொண்ணூற்றொன்பது வரை ஓரெண்கூட இல்லை.

“தம்பி, இது நூறில்லை. அறுபது. நாழிகைக் கணக்கு.”

ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு அறுபது விநாழிகை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். பையன் நெறிமுறைக் கையேட்டைத் திறந்து பார்த்தான். அங்கே தெளிவாக இருந்தது: முதல் இரண்டு இலக்கம் பாகை, நெட்டாங்கானால் மூன்று. எஞ்சியவை கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 1141 என்பது பதினொன்று பாகை, நாற்பத்தொரு கலை. கைப்பேசி வரைபடம் கேட்பதோ பாகையின் பதின்மப் பின்னம். 41-ஐ 60-ஆல் வகுத்து 11.68 என்று எழுதியிருக்க வேண்டும்.

இந்த வழக்கம் ஏன் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அகலாங்கில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல். இன்றைய அளவையில் 1852 மீட்டர். கடலோடிக்குக் கலைதான் தூரம். மனத்துக்குள்ளேயே கழித்துக் கூட்டி எத்தனை மைல் என்று சொல்லிவிடுவான். பதின்மப் பாகை தரையில் இருப்பவர்களின் திரைக்கு வசதியானது. வாக்கியம் கடலுக்காக வகுக்கப்பட்டதாகையால் கடலின் மொழியிலேயே பேசுகிறது. நம் மீனவர்கள் மீன்படும் இடங்களையும் பாறைகளையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருப்பதும் இதே முறையில்தான்.

சில்லில் வகுத்தல் செலவு மிக்க வேலையாம். ஆகவே 60-ஆல் வகுப்பதற்குப் பதில் 69,905-ஆல் பெருக்கி, வந்ததை இரும எண்ணில் இருபத்திரண்டு இடம் வலப்புறம் தள்ளினான். ஏறக்குறைய அதே விடை. அரைமணி நேரத்தில் திரையில் 11.68 வந்தது, நெட்டாங்கு 79.75. கைப்பேசியில் எங்கள் தெரு தெரிந்தது. பையன் துள்ளினான்.

என்னால் துள்ள முடியவில்லை. பதினொன்று, முப்பத்தெட்டு, எழுபத்தொன்பது, ஐம்பத்தெட்டு.

*

கீழே இறங்கிப் போய்ச் சொல்லதிகாரத்தை எடுத்தேன். உள்ளட்டையில் பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 38-ஐ 60-ஆல் வகுத்தேன். 58-ஐ 60-ஆல் வகுத்தேன். 11.633, 79.967. கைப்பேசியில் தட்டினேன். பரங்கிப்பேட்டைக்கு வடகிழக்கே, கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நீலத்தின் நடுவே குறி நின்றது. ஆறாண்டுகளுக்குமுன் நான் வைத்த குறியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி.

எட்டாம் வகுப்போடு நின்றவன், எஞ்சின் செத்து அலையில் உருண்டுகொண்டிருந்த படகில், ஓர் இலக்கம் பிசகாமல் படித்திருக்கிறான். திருப்பியும் சொல்லியிருக்கிறான். அதுவே அவனுடைய சரிபார்ப்பு எண். அதைத் தவறென்று தள்ளியவன் கரையில் நாற்காலியில் இருந்த முதுகலைப் பட்டதாரி. அந்த எண்களை அப்படியே தேடப் போனவர்களிடம் சொல்லியிருந்தால் போதும். தம் கருவியில் இட்டு நேரே போயிருப்பார்கள். அவர்களுக்கு அது தாய்மொழி. எனக்கு மொழி தெரியவில்லை என்பதுகூடக் குற்றமன்று. தெரியாதது எனக்கு என்று தோன்றாமல், தவறு அவனுக்கு என்று தோன்றியதே, அதுதான்.

பையனிடம் அன்றே சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “ஸ்கூல்ல என்னை வீராணம்னுதான் கூப்புடுவானுங்க மாமா” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போனேன். அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நாலைந்து பேர் கூட இருந்தார்கள். நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்; தவறென்று சொன்னது பலர் முன்னிலையில். புத்தகத்தை விரித்து எண்களைக் காட்டி, வகுத்துக் காட்டி, அன்று தப்பு என்னுடையது என்றேன். குரல் நினைத்தபடி வரவில்லை.

அவன் உள்ளட்டையை வாங்கி உற்றுப் பார்த்தான். “முப்பத்தெட்டு, அம்பத்தெட்டு. ஆமா, சரியாத்தான சொல்லியிருக்கேன்” என்றான். பக்கத்திலிருந்த முதியவர் எண்களைக் கேட்டதுமே, “அது சேத்துப் பகுதியாச்சே, அங்கயா கெடந்தீங்க?” என்றார். வரைபடம் பார்க்கவில்லை, வகுக்கவும் இல்லை.

“உனக்கு அன்னைக்கே தெரியுமா, நீ சரியாச் சொன்னேன்னு?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? ஆனா வீட்டுக்கு வந்தப்பறம் எல்லாரும் தப்பு தப்புன்னாங்க. நீயும் சொன்னேன்னாங்க. ரெண்டு மாசம் அந்தக் கருவிய நம்பாம புகைபோக்கியப் பாத்துத்தான் ஓட்டுனேன்.” சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளைச் சொன்னான். அவன் அப்பா காலத்தில் பனைகளும் கோபுரமும் கலங்கரை விளக்கமும் அடையாளம். “அப்பறம் விட்டுட்டேன். நீ படிச்சவன். நீ சொல்றப்ப நான் என்னத்தச் சொல்றது?”

அவன் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த இரவு முழுதும் கரையில் நின்றவள் அவள்தான்.

இயந்திரப் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய கருவிகள் பொருத்தப்பட்டு, ஆபத்தென்றால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியாக நேரே கரைக்கு வந்துசேரும் காலம் இது. இடையில் ஒரு வாத்தியார் எண்களைக் கேட்டு எழுதவேண்டியதில்லை, நல்லதுதான். பையன் தன் திட்டப்பணியில் ஒரு சிறு மாற்றம் செய்தான். திரையில் இரண்டு வரிகள்: மேலே பாகையும் கலையும், கீழே பதின்மப் பாகை. இரண்டின் பக்கத்திலும் எது எதுவென்று தமிழில் எழுதியிருக்கும். தேர்வாளர்கள், ஒரே தகவலை ஏன் இருமுறை காட்டுகிறாய் என்று கேட்டார்களாம். “ஒண்ணு கடல்ல இருக்கறவங்களுக்கு, ஒண்ணு கரையில இருக்கறவங்களுக்கு” என்றானாம்.

பெயர் இன்னும் போகவில்லை. ஊர் வைத்த பெயர் அவ்வளவு எளிதில் போகாது. ஆனால் சென்ற மாதம் தேநீர்க் கடையில் ஒருவர் அவனை வீராணத்தாரே என்று கூப்பிட்டபோது, அவன் என்னைக் கைகாட்டி, “வீராணத்துக்குப் போனவரு அதோ இருக்காரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீருக்குக் காசு என்னைக் கொடுக்க விடவில்லை.